சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணலைப் பற்றி: ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மற்றும் தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் கிணறு பன்னிரண்டு உறை. கட்டுமரத்தில் போய் வந்த காசில் அப்பா இறக்கியது, நான் பிறப்பதற்கு முந்தைய வருடம். கோடையில்கூட அதில் தண்ணீர் ஏழெட்டு உறைக்குக் கீழே போனதில்லை. கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் தண்ணீரில் உப்பின் சாயலே இருக்காது.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருவை ஒட்டிய மனையில் ஒரு அடுக்குமாடிக் கட்டிடம் எழும்பியது. கார் நிறுத்தத் தரைக்குக் கீழே இரண்டு தளம். மணலில் அவ்வளவு ஆழம் தோண்டினால் ஊற்று நிற்காது. அதனால் மனையைச் சுற்றிக் குழாய்களை இறக்கி, டீசல் மோட்டார் வைத்து ராத்திரி பகலாக இறைத்தார்கள். தையில் ஆரம்பித்தது, சித்திரை வரை ஓடியது. மழைநீர் வடிகாலில் விழுந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தத் தண்ணீரை ஒருநாள் கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரேதான். இப்படி வீணாகப் போகிறதே என்று அம்மா தினமும் விடிகாலையில் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் குழாய் வாயில் போய் நின்றாள்.

வைகாசியில் எங்கள் கிணற்றின் அடி உறை தெரிந்தது. மழைக்குப் பிறகு தண்ணீர் திரும்பி வந்தது, ஆனால் அது வேறு தண்ணீர். டீ போட்டால் பால் திரிந்தது. துணி துவைத்தால் நுரை வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கிணறு பாத்திரம் கழுவ மட்டும். குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்குகிறோம்.

அந்தக் கட்டிடத்தில் குடியேறியவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர்கள். எங்கள் குப்பத்துப் பெண்களிடம்தான் மீன் வாங்குகிறார்கள். அவர்களுக்கும் இப்போது லாரியில்தான் தண்ணீர் வருகிறது. நான் எழுதுவது அடுத்து வரப்போகும் கட்டிடங்களைப் பற்றி. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், இந்த நகரத்துக்காகத் தயாராகிறது. கடலோர மண்டல வரைபடங்களும் புதிய விதிப்படி மாறுகின்றன. இந்த இரண்டிலும் விழப்போகும் கோடுகள்தான் இன்னும் இருபது வருடத்துக்கு எங்கள் கரையின் தலையெழுத்து. அதனால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நான் அறிவியல் ஆசிரியை. இந்த மணலின் கணக்கை வகுப்பில் பலமுறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை, கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவில் ஒடுங்கலாக ஒரு மணல் பட்டை. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். மேலே பெய்கிற மழை மணலில் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசு, அதனால்தான் மிதக்கிறது. நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இது நிலத்தடி நீரியலில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிற கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால், கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும். ஏறிய உப்பை இறக்க எத்தனை நல்ல மழைக்காலம் வேண்டும் என்பது மீஞ்சூர் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். அங்கே அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

இது அரசுக்குத் தெரியாத செய்தி இல்லை. குடிநீர் வாரியமே இந்தத் தென்கடலோர மணலிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி உள்ளிட்ட இந்தப் பட்டையை நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதியாகத் தனியே குறித்து, கட்டிடங்களின் உயரத்துக்கும் அடர்த்திக்கும் கட்டுப்பாடு வைத்தது. அந்த விதியை எழுதியவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். வகுப்பில் நான் சொல்லும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். அந்த விதியைத் தளர்த்தச் சொல்லிக் கட்டுமானத் துறையினர் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். என் பயமே அதுதான்.

2019 ஜூன் மாதம் நினைவிருக்கும். ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இன்று நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 15 கோடி லிட்டர் என்று இரண்டு ஆலைகள் கடல்நீரைக் குடிநீராக்குகின்றன. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு இன்னொன்றைத் திட்டமிட்டுக் கட்டுகிறார்கள். நகரத்துக்குத் தேவைதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மின்சாரத்தைக் கொட்டிக் கடலிலிருந்து உப்பைப் பிரித்துக்கொண்டே, வடக்கே சும்மா கிடைக்கிற நன்னீரில் உப்பு ஏற விடலாமா?

அடுத்தது எஃப்.எஸ்.ஐ., அதாவது தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற எண். எங்கள் குப்பத்தில் இந்த எழுத்துகளை இப்போது எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் பொதுவாக இதை 2 ஆகவும், 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டிடங்களுக்கு 3.25 ஆகவும் உயர்த்தின. சாலை அகலமானால் பணம் கட்டி இன்னும் கூடுதலாக வாங்கலாம். அதே வருடம் ஜனவரி 18 அன்று மத்திய அரசு புதிய கடலோர மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. நகரக் கடற்கரைகளில் 1991ஆம் வருட அளவிலேயே நிறுத்தி வைத்திருந்த எஃப்.எஸ்.ஐ. அதன்மூலம் அவிழ்ந்தது. 2025 பட்ஜெட்டில் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை சுமார் 14 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை என்று அறிவித்தார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி கோப்பு, தனித்தனி துறை. ஆனால் எல்லாமே ஒரே மணலின்மேல்தான் வந்து இறங்குகிறது. செறிவூட்டும் பகுதி என்கிற அந்த ஒரு பாதுகாப்பையும் எடுத்துவிட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கம் முழுக்கக் கோபுரங்கள் நிற்கும். கீழே பேஸ்மென்ட், பேஸ்மென்டைச் சுற்றி மோட்டார். எங்கள் தெருவில் ஒரு கட்டிடம் செய்ததை நூறு கட்டிடங்கள் செய்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல உங்களிடம் நிபுணர்கள் இருக்கிறார்கள். தனித்தனி மனைக்கு இல்லாமல், மொத்தப் பட்டைக்கும் சேர்த்து அந்தக் கணக்கைப் போடுங்கள்.

இதே கடலோர மண்டல அறிவிக்கையில் என்னைத் தூங்கவிடாத இன்னொரு வரி இருக்கிறது. மாநகராட்சி எல்லையைத் தாண்டிய ஊராட்சிகளில், உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் தொடுகிற கோட்டிலிருந்து, 200 மீட்டர் வரை கட்டக்கூடாது என்பது பழைய விதி. புதிய விதியில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழ்கிற இடங்களில் அது 50 மீட்டராகச் சுருங்குகிறது. கடலோரத்தில் அவ்வளவு நெருக்கமாக வாழ்கிறவர்கள் யார்? நாங்கள்தான். ஒரு சுவருக்கு இரண்டு வீடு, ஒரு வீட்டுக்கு மூன்று குடும்பம் என்று இடமில்லாமல் வாழ்கிறோம். அந்த நெருக்கடியைத் தலை எண்ணிக் கணக்கெடுத்து, அதைக் காரணமாகக் காட்டி, மிச்சம் 150 மீட்டர் கரையை ஓட்டலுக்கும் ரிசார்ட்டுக்கும் அனுமதி கேட்கக்கூடிய நிலமாக மாற்றுவது நியாயமா? எங்கள் பிள்ளைகளுக்கு வீடு கட்ட அந்த இடம் கிடைக்கும் என்றால் நாங்களே வரவேற்போம். சந்தை விலைக்கு அந்த மணலில் ஒரு சென்ட் வாங்க எங்களில் யாராலும் முடியாது.

வரைபடத்தில் காலி இடம் என்று தெரிகிற கரையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் அளந்து வைத்ததில்லை.

என் தம்பியிடம் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் படகு அலைவாய்க்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் கடல் மேலேறி வந்து மணலை வாரிக்கொண்டு போகும். அப்போது இருபது பேர் தோள் கொடுத்துப் படகைக் கரையின் மேட்டுக்கு இழுப்போம். அந்த மேடு வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடப்பதுபோலத்தான் தெரியும். அளக்க வருகிறவர் சித்திரையில் வந்தால் அங்கே மணலில் படரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தவிர ஒன்றும் இருக்காது. எங்களுக்கு வடக்கே ஒரு குப்பத்தில் அந்த மேட்டில்தான் காம்பவுண்டு சுவர் வந்தது. இப்போது புயல் எச்சரிக்கை வந்தால் அவர்கள் படகுகளை எங்கள் கரையில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

கரைவலை இழுக்க வேண்டுமென்றால் இரண்டு கயிற்றுக்கும் ஆள் நிற்க நீண்ட கரை வேண்டும். கருவாடு காய வைக்கப் பெண்களுக்கு அலை எட்டாத சுத்தமான மணல் வேண்டும். வலை பொத்த நிழல், ஏலம் போட ஒரு திட்டு, அம்மன் திருவிழாவுக்குத் திடல், வீட்டிலிருந்து கடலைப் பார்க்க ஒரு சந்து. சந்துதானே என்று நீங்கள் அற்பமாக நினைக்கக்கூடாது. பெரியவர்கள் விடிகாலையில் வாசலில் நின்று, தண்ணீரின் நிறத்தையும் அலை விழும் விதத்தையும் பார்த்து, வெள்ளம், அதாவது கடலின் நீரோட்டம், தெற்கிலிருந்து வரும் தெண்டியா வடக்கிலிருந்து வரும் வன்னியா, இன்றைக்கு வலை விடலாமா கூடாதா என்று சொல்வார்கள். அந்தச் சந்து அடைபட்டுவிட்டால் அந்த அறிவும் அதோடு போகும்.

இவை எல்லாவற்றையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று முன்பு 2011இல் வந்த கடலோர மண்டல அறிவிக்கையும் சொல்கிறது, 2019 அறிவிக்கையும் சொல்கிறது. மீனவ கிராமத்தின் எல்லை, பொதுப் பயன்பாட்டு இடங்கள், படகு நிறுத்தும் இடம், மீன் உலர்த்தும் இடம், நீண்டகால வீட்டுவசதித் திட்டம் எல்லாம் அதில் வர வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் வரைவு வரைபடங்களின்மீது கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது, பல மாவட்டங்களில் மீனவர்கள் எழுந்து நின்று சொன்னது இதைத்தான்: எங்கள் ஊர் இதில் எங்கே, எங்கள் பொது நிலம் எங்கே? குறிக்கப்படாத நிலம் நாளைக்குப் புறம்போக்காகும், அப்புறம் திட்டமாகும். பழைய அனுபவம் அது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தச் சொன்னதில் தொடங்கி, துப்பாக்கிச் சூட்டில் எங்கள் ஆட்கள் செத்தார்கள். அப்பா அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும். 2010ஐ ஒட்டிக் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் பக்கம் வரை கடற்கரை வழியாகவே உயர்மட்டச் சாலை என்றார்கள். குப்பங்களும் நகரத்து ஆட்களும் ஒன்றாக நின்றதால் அது கைவிடப்பட்டது. அந்தக் கூட்டங்களுக்கு என்னையும் அம்மா அழைத்துக்கொண்டு போனாள்.

கரை நகரும் என்பதையும் உங்கள் திட்டத்தில் எழுத வேண்டும். வருடத்தின் பெரும்பகுதி இங்கே மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வருகிறது. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் ஊர்களைத் தின்றதும் எல்லோரும் அறிந்த கதை. கடலுக்குப் பக்கத்தில் விலை உயர்ந்த கட்டிடம் ஒன்று வந்துவிட்டால், கடல் நெருங்கும்போது அதைக் காப்பாற்றக் கல் கொட்டுவார்கள். கல் கொட்டிய இடத்தில் கரை நிற்கும், அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்தில் கரை போகும். கடல் எவ்வளவு தூரம் வரக்கூடும் என்று கணித்து வரைந்த அபாயக் கோடு ஒன்று இருக்கிறது. 2019 அறிவிக்கையில் அதைப் பேரிடர் மேலாண்மைக்கான கருவியாக மட்டும் வைத்துவிட்டு, கட்டிட அனுமதியிலிருந்து பிரித்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த எங்களுக்கு இது விளங்கவே இல்லை.

ஆமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கரைக்குத் தை, மாசி, பங்குனியில் முட்டையிட வருகிற பங்குனி ஆமை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 1988 முதல் மாணவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் ராத்திரி முழுக்க நீலாங்கரையிலிருந்து வடக்கே நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஏழு வாரம்போல ஆனதும் குஞ்சுகள் ராத்திரியில் வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். மின்சாரம் இல்லாத காலத்தில் அது கடல்தான். கண்ணில் படாமல் விட்டுப்போன குழி ஒன்று போன வருடம் எங்கள் கரையில் பொரிந்தது. காலையில் பார்த்தால் தடம் எல்லாம் மேற்கே போயிருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு தேடினேன். கேட் விளக்குக்குக் கீழே, ஒரு காரின் டயரடியில், வடிகால் கம்பிக்குள் என்று பொறுக்கினோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு, துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் காய்ந்து போயிருந்தன. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பெரிய ஆமைகள் இந்தக் கரையில் செத்து ஒதுங்கின. அதற்குப் பெரும் காரணம் விசைப்படகுகளின் இழுவலை. எங்கள் தொழிலுக்குள் நடக்கிற தப்பு அது, அதை மறைக்கமாட்டேன், எங்கள் பஞ்சாயத்துகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். கடலில் நாங்கள் திருத்த வேண்டியதை நாங்கள் திருத்துகிறோம், கரையின் வெளிச்சம் உங்கள் அனுமதியில் இருக்கிறது.

நகரம் வளர்கிறது, வீடு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அடுக்குமாடியை நான் பொதுவாக எதிர்க்கவில்லை. மெட்ரோ ரயில் போகிற வழிகளில், பேருந்து நிலையங்களைச் சுற்றி, கெட்டியான நிலத்தில் உயரமாகக் கட்டுங்கள். உப்பு நீர்மேல் மிதக்கிற நன்னீர்மேல் வேண்டாம். தப்பான இடத்தில் அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளத்தில் பார்த்தோம். கொச்சி மரடில் கடலோர விதியை மீறிய நான்கு குடியிருப்புகளை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கட்டும்போது எல்லோரிடமும் உள்ளாட்சியின் அனுமதித் தாள் இருந்தது. அதை நம்பித்தான் மக்கள் வாங்கினார்கள். அந்த நிலைமை இங்கே வீடு வாங்குகிற ஒரு குடும்பத்துக்கும் வரக்கூடாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். மூன்றாம் முழுமைத் திட்டத்தில் திருவான்மியூர் முதல் கோவளம் வரை கடல் பக்க மணல் பட்டை முழுவதும் செறிவூட்டும் பகுதியாக இருக்க வேண்டும். இப்போதுள்ள உயரம், அடர்த்திக் கட்டுப்பாடு எங்கேயும் தளரக்கூடாது. தரைக்குக் கீழே தளம் தோண்டுவதையும், தோண்டும்போது தண்ணீர் இறைத்து வெளியே விடுவதையும் இந்தப் பட்டையில் தடை செய்யுங்கள். 2019 அறிவிக்கைக்குப் பிறகு கடலோரப் பகுதியில் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்ட வேண்டுமென்றால் கடலோர மண்டல ஆணையத்தின் வழியாகத்தான் மத்திய அரசைக் கேட்க முடியும். அப்படி ஒரு கோரிக்கை வந்தால், மறுப்பு எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு குப்பத்தின் பொது நிலத்தையும், வாடைக் காலத்தில் படகு ஏறும் மேடு உட்பட, அந்த ஊர் ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு அளந்து வரைபடத்தில் ஏற்றுங்கள். அந்த வேலை முடியும்வரை கரையில் புதிய அனுமதி எதுவும் வேண்டாம்.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டத் தலைநகரில், வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் மீன் விற்கப் போன பெண்கள் வர முடியாது. எங்கள் ஏலக் கூடத்திலேயே வையுங்கள், ஞாயிறு தவிர எந்த நாளாக இருந்தாலும் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல். வரைபடம் தமிழில் இருக்கட்டும், ஒரு வீடு எது என்று விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பிவிட்டால் கூடத்தின் தெற்குச் சுவரில் ஒட்டிவைக்கிறேன். அங்கே சாரல் அடிக்காது.

இப்படிக்கு,
நீலாங்கரைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழும் ஒரு பள்ளி ஆசிரியை